ஐஸ் தண்ணீருக்கு ஒரு நிமிடம்: மூளைத்தண்டுச் சாவுக்குக் கையெழுத்திடும் டாக்டர்களுக்கு ஒரு திறந்த மடல்

மரியாதைக்குரிய டாக்டர்களுக்கு,

வணக்கம். நான் டாக்டர் இல்லை. தென்மாவட்டங்களில் நான்குவழிச் சாலையை ஒட்டிய ஊர்களில், தலைக்காயத்தோடு வருகிறவர்களைச் சேர்க்கும் ஐசியூக்களில் இருபத்தாறு வருடம் நர்ஸாக இருந்தவள். மூளைத்தண்டுச் சாவை, அதாவது மூளைச்சாவை, உறுப்பு தானத்துக்கு முன் சான்றளிக்கும் படிவம் 10-ஐ நீங்கள் நிரப்பும்போது கட்டிலுக்கு மறுபக்கம் ட்ரேயைப் பிடித்துக்கொண்டு நின்றவள். போன வருடம்தான் ஓய்வு பெற்றேன். வேலையில் இருந்தவரை சொல்ல வாய்க்காத ஒன்றை இப்போது எழுதுகிறேன்.

அந்தப் படிவத்தில் நான் பேசப்போவது ஒரே ஒரு வரியைப் பற்றி. கண்மணி வெளிச்சத்துக்குச் சுருங்குகிறதா, தலையைத் திருப்பினால் பொம்மைக்கண் அசைவு இருக்கிறதா, கருவிழியைத் தொட்டால் இமை மூடுகிறதா, குமட்டல் உண்டா, இருமல் உண்டா என்று வரிசையாகப் போகும். அதில் ஒன்று, இரண்டு காதிலும் குளிர்நீர் விட்டால் கண் அசைகிறதா என்பது. முதல் சோதனைக்கு ஒரு கட்டம், குறைந்தது ஆறு மணி நேரம் கழித்துச் செய்யும் இரண்டாவது சோதனைக்கு ஒரு கட்டம். இரண்டிலும் 'இல்லை' என்று எழுதுகிறீர்கள். அந்த 'இல்லை' எப்படி எழுதப்படுகிறது என்பதைப் பார்த்துக்கொண்டே இருந்தவள் நான்.

சரியாகச் செய்தால் அதற்கு என்னென்ன வேண்டும் என்று எனக்கு மனப்பாடம். ஐஸ் கட்டி போட்ட ஸ்டீல் கிண்ணம். அதற்குள் பத்து நிமிடமாவது அமிழ்ந்து கிடந்த சலைன் பாட்டில். 50 மில்லி சிரிஞ்ச். அதன் முனையில் மாட்ட ஊசி எடுத்த மெல்லிய பிளாஸ்டிக் குழாய். வழிகிற தண்ணீருக்குக் காதுக்குக் கீழே கிட்னி ட்ரே, தோளில் ஒரு துண்டு. காதுக்குள் பார்க்க ஆட்டோஸ்கோப். அப்புறம் கைக்கடிகாரம். இதில் விலை உயர்ந்தது எதுவுமில்லை. எல்லாம் வார்டிலேயே இருப்பவை.

நான் பார்த்தது பல நேரம் இதுவல்ல. குழாய்த் தண்ணீர். மதுரைப் பக்கம் மே மாதத்தில் குழாயைத் திறந்தால் வெந்நீரே வரும். பத்து மில்லி சிரிஞ்ச். காதுக்குள் எட்டிப் பார்ப்பது கிடையாது. ஒரு பீச்சு, இமையைத் தூக்கி ஐந்து விநாடி ஒரு பார்வை, "ஆப்சென்ட், எழுதிக்கோங்க சிஸ்டர்." அடுத்த காதுக்கு உடனே. மொத்தமாக ஒரு நிமிடம்கூட ஆகாது. உங்களுக்கு வேலை எவ்வளவு என்று எனக்குத் தெரியாதா? வெளியே காஷுவாலிட்டியில் இன்னும் இரண்டு பேர் ஸ்ட்ரெச்சரில் காத்திருப்பார்கள். ஆனாலும் சொல்கிறேன், அப்படி எழுதிய 'இல்லை' சோதனை செய்து எழுதியது ஆகாது.

இந்த மடலை டாக்டர் அல்லாதவர்களும் படிப்பார்கள். அவர்களுக்காகக் கொஞ்சம் விளக்குகிறேன். இப்போது படித்துக்கொண்டிருக்கிற செல்போனை அசையாமல் பிடித்துக்கொண்டு தலையை மட்டும் வேகமாக இடமும் வலமும் ஆட்டிப் பாருங்கள். எழுத்து தெளிவாகத்தான் தெரியும். இப்போது தலையை அசைக்காமல், அதே வேகத்தில் போனை ஆட்டுங்கள். எழுத்து குழம்பிவிடும். வித்தியாசத்துக்குக் காரணம் உள்காது. தலை எந்தப் பக்கம் எவ்வளவு திரும்பியது என்பதை அங்கேயுள்ள அரைவட்டக் குழல்கள் உணர்ந்து சொல்ல, அதற்கு எதிர்த்திசையில் அதே அளவு கண்ணைத் திருப்பிவிடுகிறது, மூளையைத் தண்டுவடத்தோடு இணைக்கும் மூளைத்தண்டு. ஒரு விநாடியில் நூறில் ஒரு பங்கு நேரத்தில் இது நடந்துவிடுகிறது. நாம் யோசிக்க வேண்டியதில்லை, விழித்திருக்கக்கூட வேண்டியதில்லை. மயக்கத்தில் இருப்பவரின் தலையைத் திருப்பினால் பொம்மையின் கண் போலக் கண் எதிர்ப்பக்கம் போவது இதனால்தான்.

இந்தச் செய்தி போகும் வழிதான் முக்கியம். உள்காதிலிருந்து எட்டாவது நரம்பு வழியாக, பான்ஸும் (மூளைத்தண்டின் நடுப்பகுதி) முகுளமும் (கீழ்ப்பகுதி) சேருகிற இடத்துக்குப் போகிறது. அங்கிருந்து பான்ஸில் உள்ள ஆறாவது நரம்பின் மையத்துக்கு. பிறகு மேலே ஏறி நடுமூளையில் உள்ள மூன்றாவது நரம்பின் மையத்துக்கு. அதாவது மூளைத்தண்டின் கீழ்ப்பகுதியில் தொடங்கி மேல்பகுதி வரை ஒரு பயணம். இதயத் துடிப்பையும் ரத்த அழுத்தத்தையும் காட்டுகிற மானிட்டருக்கு இந்தப் பாதை தெரியாது. காதில் குளிர்நீர் விட்டுக் கண்ணைப் பார்த்தால் தெரியும்.

குளிர்நீர் ஏன் என்பதற்கு ஒரு பழைய கதை உண்டு. வியன்னாவில் ராபர்ட் பாரனி என்ற காது மருத்துவர் நோயாளிகளின் காதைத் தண்ணீர் விட்டுக் கழுவும்போது அவர்களுக்குத் தலை சுற்றியது, கண் ஆடியது. தண்ணீர் குளிர்ச்சியாக இருக்கிறது என்று ஒருவர் குறைப்பட்டுக்கொள்ள, சூடான தண்ணீரை விட்டார்கள். அப்போதும் தலை சுற்றியது, ஆனால் கண் ஆடிய திசை மாறிவிட்டது. அந்த மாற்றத்தை அவர் கவனித்தார். குளிர்ந்த பக்கத்தில் குழலுக்குள் இருக்கும் திரவம் கனத்து இறங்குகிறது, சூட்டில் லேசாகி ஏறுகிறது. தலை திரும்பியதாக உள்காது ஏமாந்துபோகிறது. 1914-ஆம் ஆண்டுக்கான மருத்துவ நோபல் பரிசு அவருக்குக் கிடைத்தது. அந்தச் செய்தி வந்தபோது அவர் ரஷ்யாவில் போர்க்கைதி. ஸ்வீடன் இளவரசர் கார்ல் தலையிட்டதால் 1916-இல் விடுதலையாகிப் பரிசைப் பெற்றார். ஒரு நோயாளியின் முணுமுணுப்பைக் காது கொடுத்துக் கேட்டதில் தொடங்கிய சோதனை இது. இதை நான் நினைக்காத நாள் இல்லை.

திரவம் இறங்குவதும் ஏறுவதும் நடக்க வேண்டுமானால் கிடைமட்டமான அரைவட்டக் குழல் செங்குத்தாக நிற்க வேண்டும். கட்டிலின் தலைப்பக்கத்தை 30 டிகிரி உயர்த்தச் சொல்வது அதற்காக. குளிர் எலும்பு வழியாக உள்ளே போய்ச் சேர நேரமாகும். 50 மில்லி என்பதும், விட்டபின் ஒரு நிமிடம் பார்க்கச் சொல்வதும், அடுத்த காதுக்குப் போவதற்கு முன் ஐந்து நிமிடம் பொறுக்கச் சொல்வதும் அதற்காகவே. முதல் காதின் குளிர் அடங்காமல் அடுத்த காதில் விட்டால் ஒன்றோடொன்று மோதிக்கொள்ளும். இவையெல்லாம் உங்களுக்குத் தெரியாததல்ல. நீங்கள் சொல்லித்தான் நானே கற்றுக்கொண்டேன்.

இன்னொரு இடறலையும் பார்த்திருக்கிறேன். படிக்கும் காலத்தில் 'கோல்டு ஆப்போசிட், வார்ம் சேம்' (குளிருக்கு எதிர்ப்பக்கம், சூட்டுக்கு அதே பக்கம்) என்று ஒரு சூத்திரம் மனப்பாடம் செய்கிறீர்கள். விழித்திருக்கும் ஆளுக்குத்தான் அது. வெட்டி வெட்டி இழுக்கும் வேகமான அசைவு எந்தப் பக்கம் என்பதைச் சொல்வது அது. ஆழ்ந்த மயக்கத்தில் அந்த வேகமான அசைவு இருக்காது. மூளைத்தண்டு உயிரோடு இருந்தால், கண் குளிர்நீர் விட்ட காதின் பக்கமாகவே மெதுவாக ஒதுங்கி அங்கேயே நிற்கும். பயிற்சி டாக்டர் ஒருவர் எதிர்ப்பக்கம் துடிப்பை எதிர்பார்த்துக்கொண்டு, இந்தப் பக்கம் மெல்ல ஒதுங்கியதைக் கவனிக்காமல் போனதை நான் பார்த்திருக்கிறேன். அன்று பக்கத்திலிருந்த பேராசிரியர் பார்த்துவிட்டார். பார்க்காமல் போன நாட்களும் இருந்திருக்கும்.

இனி நான் எழுத வந்த கதைக்கு வருகிறேன். எந்த ஊர், எந்த மருத்துவமனை என்று சொல்லமாட்டேன். அவனுக்கு இருபத்து நான்கு வயது. லாரி கிளீனர். நின்றிருந்த டிரெய்லரின் பின்னால் இவர்கள் வண்டி மோதியது. மூன்றாம் நாள் இரவு பதினோரு மணிக்கு முதல் சோதனை. கண்மணி அசையவில்லை, இருமல் இல்லை, குமட்டல் இல்லை. கழுத்தில் காயம் இருக்கலாம் என்பதால் தலையைத் திருப்பிப் பார்க்க முடியாது. விபத்து கேஸ்களில் பெரும்பாலும் இப்படித்தான். பொம்மைக்கண் சோதனைக்கு வழியில்லாதபோது குளிர்நீர்ச் சோதனைதான் அந்த வேலையையும் சேர்த்துச் செய்ய வேண்டும். அன்று நான் ஐஸ் எடுக்கப் போனபோது, "வேணாம் சிஸ்டர், இருக்கிற தண்ணியே போதும்" என்றார்கள். பத்து மில்லி. 'இல்லை'. வென்டிலேட்டரைக் கழற்றித் தானாக மூச்சு வருகிறதா என்று பார்க்கும் மூச்சுச் சோதனையை ஆக்ஸிஜன் இறங்கியதால் பாதியில் நிறுத்தி, காலைக்குத் தள்ளி வைத்தார்கள். அதற்குள் வீட்டாரிடம் சொல்லியாகிவிட்டது.

விடியற்காலை ஐந்தரைக்கு வேறு டாக்டர் வந்தார். நரம்பு அறுவை சிகிச்சைத் துறையில் அப்போதுதான் சேர்ந்திருந்த இளம் பெண். முதலில் ஆட்டோஸ்கோப் கேட்டார். வலது காதில் உறைந்த ரத்தம், அதற்குப் பின்னால் குரும்பி. செவிப்பறையே தெரியவில்லை. அந்தக் காதில்தான் இரவு தண்ணீர் விட்டது. இடது காது சுத்தமாக இருந்தது. கட்டிலை உயர்த்தச் சொன்னார், ஐஸ் வரும்வரை காத்திருந்தார். நான் இரண்டு இமைகளையும் விரலால் விரித்துப் பிடித்துக்கொண்டேன். இடது காதில் 50 மில்லி, நிதானமாக. பத்து விநாடி, இருபது விநாடி, ஒன்றுமில்லை. கடிகாரத்தில் பெரிய முள் நகர்வது கண்ணுக்குத் தெரியாமல் நகர்ந்திருக்குமே, அதுபோல இடது கண் வெளிப்புறமாகப் போயிருந்தது. வலது கண் அப்படியே நின்றது. இடது கண் மட்டும் காதுப் பக்கம் ஒதுங்கி நின்றது.

அவர் என்னைப் பார்த்து, "சிஸ்டர், நீங்களும் பாத்தீங்கல்ல?" என்று மட்டும் கேட்டார்.

பிறகு எனக்கு விளக்கினார். வலது கண்ணை உள்பக்கம் இழுக்க வேண்டியது நடுமூளையின் வேலை, அது போய்விட்டிருக்கிறது. இடது கண்ணை வெளிப்பக்கம் இழுத்தது பான்ஸ், அதில் இன்னும் கொஞ்சம் உயிர் இருக்கிறது. அசைவு ஒரு கண்ணில் இருந்தாலும் இருக்கிறது என்றுதான் அர்த்தம். மூளைத்தண்டின் எல்லாச் செயல்பாடும் மீள முடியாமல் நின்றுபோன நிலை என்றுதான் 1994-ஆம் ஆண்டுச் சட்டம் சொல்கிறது. 'எல்லாம்' என்ற சொல் அதில் இருக்கிறது. அன்று காலை அந்தப் படிவத்தில் யாரும் கையெழுத்துப் போடவில்லை.

அவன் பிழைத்தான் என்று எழுத ஆசைதான். பிழைக்கவில்லை. இரண்டு நாள் கழித்து ரத்த அழுத்தம் இறங்கி இதயம் நின்றுவிட்டது. ஆனால் அந்த இரண்டு நாளும் அவனுடைய அம்மா என் முகத்தைப் பார்த்துக் கேட்டது இன்னும் காதில் இருக்கிறது. "நேத்து ராத்திரி எம்புள்ளை போயிட்டான்னாங்க, காலையில இன்னும் போவலங்குறாங்க. நான் எதைத்தாயி நம்ப?" அவருக்கு என்னால் பதில் சொல்ல முடியவில்லை. இரவில் ஒரு கிண்ணம் ஐஸும் ஒரு நிமிடமும் செலவழித்திருந்தால் அந்தக் கேள்வியே வந்திருக்காது. அந்தக் குடும்பத்தில் யாரும் இனி உறுப்பு தானம் என்ற பேச்சையே கேட்கமாட்டார்கள். அவர்களை நான் குற்றம் சொல்லவும் மாட்டேன்.

2008-இல் திருக்கழுக்குன்றத்து டாக்டர் தம்பதி மூளைச்சாவு அடைந்த தங்கள் மகன் ஹிதேந்திரனின் உறுப்புகளைத் தானமாகத் தந்தபோது நான் ஐசியூவில் இருந்தேன். அதற்குப் பிறகு வீட்டாரே எங்களிடம் வந்து, "அந்தப் பையன் மாதிரி எங்க பையனையும் குடுக்கலாமா சிஸ்டர்?" என்று கேட்கத் தொடங்கினார்கள். அவ்வளவு பெரிய நம்பிக்கையை ஜனங்கள் நம் கையில் கொடுத்திருக்கிறார்கள். 2023 செப்டம்பரில், உறுப்பு தானம் செய்தவர்களின் இறுதிச் சடங்கு அரசு மரியாதையோடு நடக்கும் என்று முதல்வர் அறிவித்தார். நல்ல காரியம். அந்த மரியாதையைக் கட்டிலருகே, காதுக்குள் எட்டிப் பார்ப்பதிலிருந்தே தொடங்குங்கள் என்கிறேன்.

இந்த வரியைப் பற்றி மட்டும் ஏன் இவ்வளவு பேசுகிறேன்? மூச்சுச் சோதனையைப் பாருங்கள். வென்டிலேட்டரைக் கழற்றுவதற்கு முன் ரத்த வாயு ரிப்போர்ட், கழற்றியபின் ஒரு ரிப்போர்ட். கரியமில வாயு 60-ஐத் தாண்டியதா என்பது அச்சிட்ட தாளில் எண்ணாக இருக்கும். யாரும் எப்போதும் எடுத்துப் பார்க்கலாம். குளிர்நீர்ச் சோதனைக்கு அப்படி ஒரு தாளும் இல்லை. உங்கள் கண் பார்த்ததும், நீங்கள் எழுதிய ஒரு சொல்லும்தான் சாட்சி. சாட்சி குறைந்த சோதனையை இன்னும் கவனமாகச் செய்ய வேண்டாமா? நடைமுறையில் தலைகீழாக இருக்கிறது. மெஷின் இல்லாத சோதனை என்பதால் அதற்கு மதிப்பு குறைந்துவிட்டது.

உயிரோடு நடந்து வருகிறவர்களிடமும் இதே கதிதான். காஷுவாலிட்டிக்குத் தலைசுற்றல், வாந்தி என்று வருகிறவரைக் காதுப் பிரச்சினை என்று மாத்திரை கொடுத்து அனுப்புகிறோம். அவர் தலையை இரண்டு கையிலும் பிடித்து, என் மூக்கைப் பாருங்கள் என்று சொல்லி, சட்டென்று சிறிது திருப்பிப் பார்த்தால் போதும். 1988-இல் ஆஸ்திரேலியாவில் ஹல்மாகியும் கர்தாய்ஸும் விவரித்த சோதனை அது. கண் மூக்கை விட்டு நழுவி, திரும்ப ஓடி வந்து பிடித்தால் பெரும்பாலும் காதுதான். தலைசுற்றல் நிற்காமல் இருந்து, கண் ஆடிக்கொண்டும் இருந்து, இந்தச் சோதனையில் மட்டும் எந்தக் குறையும் தெரியவில்லை என்றால்தான் பயப்பட வேண்டும், அது மூளைத்தண்டிலோ சிறுமூளையிலோ பக்கவாதமாக இருக்கலாம். இதோடு கண் ஆடும் விதத்தையும் இரண்டு கண்ணும் மேல் கீழாக விலகி நிற்கின்றனவா என்பதையும் சேர்த்துப் பார்ப்பது, முதல் இரண்டு நாளில் எடுக்கும் எம்ஆர்ஐயைவிடத் திறமாகப் பக்கவாதத்தைப் பிடிக்கிறது என்று 2009-இல் வந்த ஆய்வு காட்டியது. அங்கேயும் வேண்டியது பழகிய ஒரு ஜோடிக் கையும் ஒரு நிமிடமும்தான்.

சரி, ஐசியூவுக்கே திரும்புகிறேன். சரியாகச் செய்த குளிர்நீர்ச் சோதனையில் கண் அசையவில்லை என்றாலும் அதை மட்டும் வைத்து முடிவு கட்டக்கூடாது என்பதையும் நான் இங்கேயே கற்றேன். ஒரு ஆவணி மாதம், தோட்டத்து வீட்டில் தரையில் படுத்திருந்த ஒரு அக்காவைக் கொண்டுவந்தார்கள். விடியற்காலையில் வயிற்று வலி என்றாராம், பேச்சு குழறியதாம், அப்புறம் மூச்சு நின்றுபோகிற நிலை. ட்யூப் போட்டு வென்டிலேட்டரில் வைத்தோம். இரண்டு கண்மணியும் விரிந்து, டார்ச் அடித்தாலும் அசையாமல் இருந்தன. தலையைத் திருப்பினாலும் கண் நகரவில்லை. கிள்ளினால் ஒன்றும் இல்லை. "மூளை போயிடுச்சு போல" என்று கட்டில் பக்கத்திலேயே ஒருவர் சொன்னார். அப்போதிருந்த மூத்த மருத்துவர் மட்டும் ஒத்துக்கொள்ளவில்லை. சிடி ஸ்கேனில் மூளை நன்றாக இருக்கிறது, காரணம் தெரியாமல் சோதனையைத் தொடவே கூடாது என்றார். கட்டுவிரியனாக இருக்கும் என்று விஷமுறிவு மருந்து போட்டார். கட்டுவிரியன் கடித்த தடமே சில நேரம் தெரியாது. அதன் விஷம் நரம்பும் தசையும் சேரும் இடத்தை முடக்கிவிடும். கண்ணை அசைக்கும் தசைகளே செயலற்றுப் போனால், மூளைத்தண்டு எவ்வளவு கட்டளை போட்டாலும் கண் எப்படி நகரும்?

ஐந்தாம் நாள் அந்த அக்காவின் கால் பெருவிரல் அசைந்தது. பத்தாம் நாள் எழுந்து உட்கார்ந்தார். "நீங்க பேசினதெல்லாம் எனக்குக் கேட்டுச்சு சிஸ்டர்" என்றார். யாருடைய முகத்தையும் பார்க்க முடியாமல் நான் தண்ணீர் எடுத்து வருவதாகச் சொல்லி வெளியே போய்விட்டேன்.

பான்ஸின் முன்பகுதி மட்டும் அடிபட்டவர்களும் இப்படித்தான். கை கால் வராது, பேச்சு வராது, கண் பக்கவாட்டில் போகாது. ஆனால் முழு நினைவோடு இருப்பார்கள். கண்ணை மேலும் கீழும் அசைக்க மட்டும் முடியும். அதனால் எந்தச் சோதனைக்கும் முன்னால், அவர் காதருகே குனிந்து, பெயர் சொல்லிக் கூப்பிட்டு, "மேலே பாருங்க, கீழே பாருங்க" என்று நிதானமாகச் சொல்லிப் பாருங்கள். தொண்டையில் குழாய் போட்டிருந்தாலும் காது கேட்கும். தூக்க மருந்து, தசை தளர்த்தும் மருந்து, பிட்ஸுக்குக் கொடுத்த பெனிடோயின், உடம்பு குளிர்ந்து கிடப்பது, முன்பே காது நோய், உள்காதைக் கெடுக்கும் ஜென்டாமைசின், ஸ்ட்ரெப்டோமைசின் ஊசிகள், இவையெல்லாம் கண்ணசைவைக் கெடுக்கும். கேஸ் ஷீட்டின் முதல் பக்கத்திலிருந்து புரட்டிப் பார்த்துவிட்டு வாருங்கள். காசநோய்க்கு ஊசி போட்டிருந்ததாக அப்பா சொன்னதை அட்மிஷன் அன்று நர்ஸ் எழுதி வைத்திருப்பாள், அதை யாரும் படித்திருக்கமாட்டார்கள்.

உங்களிடம் கேட்பவை சிலதான்.

காதைப் பார்த்ததை எழுதுங்கள். வலது, இடது, செவிப்பறை தெரிந்ததா, ரத்தம் இருந்ததா. ஒரு காதில் செய்ய முடியாவிட்டால், முடியவில்லை, இன்ன காரணம் என்று எழுதுங்கள். செய்யாததை 'இல்லை' என்று எழுதாதீர்கள். எத்தனை மில்லி, ஐஸ் போட்டதா, எத்தனை விநாடி பார்த்தீர்கள் என்று நான்கு சொல் சேர்த்தால் போதும். கடிகாரத்தை நர்ஸிடம் கொடுங்கள், நேரத்தை அவள் சொல்லட்டும். கேஸ் ஷீட்டில் அவள் கையெழுத்தும் இருக்கட்டும். உங்களைச் சந்தேகப்பட்டு இதைக் கேட்கவில்லை. நான்கு டாக்டர்கள் சான்றளிக்க வேண்டும், உறுப்பு மாற்றுக் குழுவில் இருப்பவர் அதில் இருக்கக்கூடாது என்று சட்டம் வைத்ததே ஒருவர் கண்ணை மட்டும் நம்பக்கூடாது என்பதால்தானே? அந்த இரவில் கண்ணுக்கு மிக அருகே இருப்பவள் நர்ஸ்தான்.

தமிழ்நாடு உறுப்பு மாற்று ஆணையத்துக்கும் ஒரு வேண்டுகோள். மாவட்ட மருத்துவமனைகளில் இதற்கான பயிற்சி நடக்கும்போது டாக்டர்களோடு ஐசியூ நர்ஸ்களையும் உட்கார வையுங்கள். இந்தச் சோதனைக்கான சாமான்கள் ஒரு டப்பாவில் தயாராக இருக்கட்டும். உள்ளே ஒரு அட்டையில் தமிழில் படிகள் எழுதியிருக்கட்டும். அவசரத்தில் இரவு இரண்டு மணிக்கு ஐஸ் தேடி கேண்டீனுக்கு ஓடியவள் என்பதால் சொல்கிறேன்.

கடைசியாக ஒன்று. இதற்கு நீங்கள் தயங்குவீர்கள், தெரியும். வீட்டாரில் ஒருவர் விரும்பினால், இந்தச் சோதனை நடக்கும்போது அவரைப் பக்கத்தில் நிற்க விடுங்கள்.

'மூளைச்சாவு' என்ற சொல்லை வெளியே வராந்தாவில் நின்று எத்தனை தடவை சொன்னாலும் அவர்களுக்கு ஏறாது. நெஞ்சு ஏறி இறங்குகிறது, கை சூடாக இருக்கிறது, மானிட்டரில் பச்சைக் கோடு ஓடுகிறது. செத்துவிட்டான் என்றால் எப்படி நம்புவார்கள்? அமெரிக்காவில் 2014-இல் வந்த ஒரு ஆய்வில், இந்தச் சோதனைகளை நேரில் பார்த்த குடும்பத்தினருக்கு மூளைச்சாவு பற்றிய புரிதல் கூடியது, பார்த்ததால் மனதளவில் கேடு வரவில்லை என்று கண்டார்கள். என் அனுபவமும் அதுவே. எல்லாச் சோதனையையும் காட்ட வேண்டாம். மூச்சுச் சோதனையின்போது சில நேரம் தண்டுவடத்தால் கை தூக்கிக்கொள்ளும், அது அவர்களைக் கலங்கடித்துவிடும். முன்கூட்டி விளக்கமாகச் சொல்லாமல் அதைக் காட்டுவது எனக்குச் சம்மதமில்லை. குளிர்நீர்ச் சோதனை அப்படியல்ல. ஆனால் என்ன செய்யப்போகிறோம், உயிர் இருந்தால் கண் எந்தப் பக்கம் போகும் என்பதை முதலில் சொல்லிவிட வேண்டும்.

நான் ஓய்வு பெறுவதற்கு முந்தின வருடம் ஒரு அண்ணன் அப்படி நின்றார். தம்பிக்குப் பத்தொன்பது வயது, பைக் விபத்து. டாக்டர் தன் காதைத் தொட்டுக் காட்டி, "தம்பிக்கு மூளைத்தண்டில் உயிர் இருந்தா, ஐஸ் தண்ணி விட்டதும் கண்ணு இந்தக் காதுப் பக்கம் வரும். நீங்களும் பாருங்க, நானும் பாக்குறேன்" என்றார். நான் கடிகாரத்தைப் பார்த்து நேரம் சொன்னேன். பதினைந்து. முப்பது. நாற்பத்தைந்து. அறுபது. அவர் இமை கொட்டவில்லை. ஐந்து நிமிடம் காத்திருந்து அடுத்த காது. மறுபடி பதினைந்து, முப்பது, நாற்பத்தைந்து, அறுபது. ஆறு மணி நேரம் கழித்து இரண்டாவது தடவையும் வந்து நின்றார்.

அது முடிந்ததும் தம்பியின் காதில் தங்கியிருந்த தண்ணீரைத் தன் கைலித் துணியால் ஒற்றி எடுத்தார். "அம்மாகிட்ட நானே சொல்லிக்கிறேன் சிஸ்டர்" என்றார். வெளியே போய் அம்மாவிடம் அவர் சொன்னது கதவுக்கு இந்தப் பக்கம் எனக்குக் கேட்டது. "நான் பாத்தேம்மா. நல்லா பாத்தேன்."

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற ஐசியூ செவிலியர் ஒருத்தி